யூனிட், அலகு, வாற்று: கரண்டு பில்லில் உள்ள சொற்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு வீட்டுக்குக் கரண்டு பில் வந்தால் முதல் கேள்வி, "இந்த மாசம் எத்தனை யூனிட்டு ஓடியிருக்கு?" என்பதுதான். ரூபாய்க் கணக்கு அதற்குப் பிறகு. 1,000 வாற்று வலுவுள்ள ஒரு சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் செலவாகும் மின்சக்தியே ஒரு யூனிட். அதன் முழுப்பெயர் கிலோவாற்று மணித்தியாலம். விஞ்ஞானப் பாடத்தில் வரும் யூல் கணக்கில் 36 இலட்சம் யூல்.

யூனிட் என்ற ஆங்கிலச் சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜோன் டீ. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டின் நூலுடைய ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 1570இல் அவர் எழுதிய முன்னுரையில் 'ஒன்று' என்ற பொருளில் அது வருகிறது. 1880களில் பிரித்தானியாவில் மின்சாரம் விற்பனைக்கு வந்தபோது, அதைக் கவனித்த அரசுத் துறையின் பெயரால் கிலோவாற்று மணித்தியாலத்தை 'போர்ட் ஒஃப் ட்ரேட் யூனிட்' என்றார்கள். காலப்போக்கில் முன்பாதி உதிர்ந்தது. மிஞ்சிய 'யூனிட்' பிரித்தானியர் ஆண்ட நாடுகளின் பேச்சில் நின்றுவிட்டது. வாற்று, ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ஜேம்ஸ் வாட்டின் பெயர். அந்தப் பெயரை 1882இல் பொறியியலாளர் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். வாட் இறந்து அப்போது அறுபது வருடம் கடந்திருந்தது.

தமிழில் இதற்கு அலகு என்ற சொல் இருக்கிறது. நம் பத்திரிகைகள் '60 அலகுகளுக்குக் குறைவாகப் பாவிப்போர்' என்று எழுதுகின்றன. அலகு என்றால் அளவு, எண், கணக்கு. யாப்பில் சீர் பிரித்து எண்ணுவதை அலகிடுதல் என்பார்கள். கம்பர் 'அலகிலா விளையாட்டு' என்றது எண்ணி முடியாத விளையாட்டை. மின்கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை. பறவையின் மூக்கும் அலகுதான் என்பதால் குழப்பம் வரும் என்று தோன்றினால் 'மின்னலகு' என்று எழுதலாம். பேச்சில் யூனிட் இருந்துவிட்டுப் போகட்டும்.

இலங்கைப் பாடநூல் தமிழில் வலு வேறு, சக்தி வேறு. தமிழ்நாட்டு நூல்கள் முதலாவதைத் திறன் என்றும் இரண்டாவதை ஆற்றல் என்றும் எழுதுகின்றன. இணையத்தில் இரண்டும் கலந்து வருவதால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தேயிலைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் எளிது. ஒரு ஆள் மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்கும் என்பது வலு. மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் ஏறும் மொத்த நிறை சக்தி. சாமானில் எழுதியிருக்கும் வாற்று முதலாவது. பில்லில் வரும் யூனிட் இரண்டாவது.

9 வாற்று எல்.ஈ.டி. பல்ப் ஒரு யூனிட்டில் 111 மணித்தியாலம் எரியும். 2,000 வாற்று மின்கேத்தல் அதே யூனிட்டை அரை மணித்தியாலத்தில் தின்றுவிடும். அதற்காகக் கேத்தலைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 0.1 யூனிட் போதும், அதுவும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். ஆனால் குழாயில் வருவது குளிர்ந்த தண்ணீர் என்பதால் அதில் பெரிய மிச்சம் இல்லை.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது குளியலறையில் பூட்டும் ஹீட்டர். 3,500 வாற்று ஹீட்டரில் நான்கு பேர் தினமும் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் நாளொன்றுக்கு 2.3 யூனிட், மாதத்துக்கு 70. விறகடுப்பில் தண்ணீர் காய வைக்கும் வீட்டுக்கு இந்தச் செலவே இல்லை. லைட்டை அணைக்கவில்லை என்று பிள்ளைகளைத் திட்டும் வீட்டில் மாதக் கணக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஹீட்டர்தான்.

ஃபிரிட்ஜுக்கு இப்படிப் பெருக்கிப் பார்க்க முடியாது. அதன் கொம்பிரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அயன் பெட்டியும் சூடானதும் தானே வெட்டிக்கொள்ளும். இவற்றுக்கு மீட்டரைத்தான் கேட்க வேண்டும். இலக்க மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் 1600 என்று அச்சிட்டிருந்தால், 1,600 முறை மின்னினால் ஒரு யூனிட். வேறு மீட்டரில் வேறு எண் இருக்கலாம், அதைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 2,000 வாற்றுக் கேத்தலை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 53 முறை மின்னும். ஃபிரிட்ஜை மட்டும் விட்டால் விளக்கு எவ்வளவு சோம்பலாக மின்னுகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். 'வலு' என்ற சொல் அவர்களுக்கு அங்கேயே விளங்கிவிடும்.

இந்த எண்ணெல்லாம் ஏன் முக்கியம் என்றால், வீட்டுப் பாவனைக்கு 30 நாள் கணக்கில் 60 யூனிட் ஒரு எல்லை. அதைத் தாண்டினால் 61ஆவது யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைப்பட்டியல், நிலையான கட்டணமும் ஏறும். மேலே சொன்ன ஹீட்டர் தனியாகவே அந்த எல்லையைத் தாண்டிவிடும். மீட்டர் பார்க்க வருபவர் பிந்தி வந்தால் பயப்பட வேண்டியதில்லை, நாட்கள் கூடினால் எல்லையும் அதற்கேற்பக் கூடும். பில்லில் உள்ள இரண்டு திகதிகளையும் பார்த்து, யூனிட்டை நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 2 யூனிட்டுக்குள் நின்றால் நீங்கள் கீழ்ப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள்.