கரண்ட் வைத்தால் கழுத்துத் தேய்மானம் கரையாது

"பத்து நாள் கரண்ட் வச்சாச்சு சார், தேய்மானம் இன்னும் போகலையே!" நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களில் பலர் இப்படித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். கையில் ஒரு எக்ஸ்ரே இருக்கும். சிலருக்குப் பின்கழுத்தில் காசளவு தீப்புண்ணும் இருக்கும். வீட்டில் டென்ஸ் கருவியை (தோலில் ஒட்டும் பேடுகள் வழியாக மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவது, இதைத்தான் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள்) முழு வேகத்தில் வைத்து ஒரு மணி நேரம் படுத்திருந்ததால் வந்த புண் அது. இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோய்த்தான் எழுதுகிறேன்.

டென்ஸ் எலும்பைத் தொடுவதே இல்லை. தோலுக்கு அடியிலுள்ள நரம்பிழைகளைத் தூண்டி, வலிச் செய்தி தண்டுவடம் வழியாக மேலேறுவதை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் முன்வைத்த 'கதவு' கோட்பாடுதான் இதற்கு அடிப்படை. தேய்ந்த சவ்வு இதனால் வளராது. எலும்பு முளை கரையாது. நரம்பு அழுந்தியிருந்தால் அந்த அழுத்தமும் விலகாது. மேல்நாட்டுக் கருவியானாலும், நாற்பது நாள் வைத்தாலும் இதில் மாற்றமில்லை. தயவுசெய்து இன்னொன்றையும் கேளுங்கள்: அறுபதைத் தாண்டியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலோருக்குக் கழுத்தில் தேய்மானம் தெரியும். கழுத்து வலி என்றால் என்னவென்றே அறியாதவர்களுக்கும் தெரியும். முடி நரைப்பது போலத்தான் அதுவும். எக்ஸ்ரேயில் இருக்கும் தேய்மானத்தைப் 'போக்க' வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

வலியாவது நிச்சயம் குறையுமா? நாள்பட்ட கழுத்து வலிக்கு டென்ஸ் உதவுமா என்று அலசிய 2019-ம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பு காக்ரேன்), இருக்கும் சான்றுகள் மிகப் பலவீனமானவை, உறுதியாக எதுவும் சொல்ல இயலாது என்றே முடித்தது. சிலருக்குக் கருவி ஓடும்போதும் அதன் பிறகு கொஞ்ச நேரமும் வலி தணிகிறது. அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்வதற்காகத்தான் பிசியோதெரபிஸ்டுகளான நாங்கள் கரண்ட் வைக்கிறோம். தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 10 விநாடி நிறுத்துவது, 10 முறை. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றுசேர்ப்பது. பிறகு மெல்ல எடை கூட்டித் தோள், கழுத்துத் தசைகளைப் பலப்படுத்துவது. இதை வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். கரண்ட் முடிந்ததும் பயிற்சிக்கு நிற்காமல் கிளம்பிப் போகிறவர்களுக்கு வலி திரும்பி வருவதில் வியப்பில்லை.

வீட்டில் வைப்பதானால் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை துடிப்பு), துடிப்பகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) 100 முதல் 200 மைக்ரோ விநாடி, நேரம் 20 முதல் 30 நிமிடம். குறுகுறுப்பு நன்றாகத் தெரிய வேண்டும். வலிக்கக் கூடாது, தசை வெட்டி இழுக்கவும் கூடாது. சில நிமிடங்களில் குறுகுறுப்பு மங்கும். அது இயல்பு, ஒரு படி கூட்டினால் போதும். (கடையில் கிடைக்கும் பல கருவிகளில் இஎம்எஸ் என்றொரு பொத்தானும் உண்டு. அது தசையைச் சுருங்க வைப்பதற்கு. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தோளில் அதை அழுத்திவிட்டு, வலி கூடிவிட்டது என்கிறார்கள்.) குனிந்தால் பின்கழுத்தில் துருத்தும் எலும்பின் இருபுறமும் சதைமேல் பேடுகளை ஒட்டுங்கள், எலும்பின் மேல் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு பேட் அகலமாவது இடம் விடுங்கள்.

புண் எப்படி வருகிறது? ஜெல் காய்ந்து பேடின் ஓரம் தூக்கிக்கொண்டால், மொத்த மின்சாரமும் ஒட்டியிருக்கும் சிறு பகுதி வழியாகவே பாயும். அங்கேதான் தோல் வேகும். எண்ணெய், தைலம், வலிக்களிம்பு தடவிய தோலில் பேட் சரியாக ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டும் தன்மை போன பேடைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டாதீர்கள், தூக்கி எறியுங்கள். அணைத்த பிறகே கழற்றுங்கள். வைத்தபடி தூங்கவோ, வண்டி ஓட்டவோ கூடாது.

கழுத்தின் முன்பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். அங்குள்ள ரத்தக்குழாயில் ரத்த அழுத்தத்தை உணரும் பகுதி தூண்டப்பட்டால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சட்டென்று விழலாம், குரல்வளை இறுகலாம். தலைக்குக் குறுக்காகவும் வேண்டாம். பேஸ்மேக்கர் இருப்பவர்கள், வலிப்பு நோயாளிகள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் கருவியைத் தொடவே கூடாது. பேட் ஒட்டும் இடத்தில் புற்றுநோயோ, உணர்வற்ற தோலோ இருந்தாலும் அப்படியே.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா? கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறதா? நடை தள்ளாடுகிறதா? சிறுநீர் கட்டுப்பாடு மாறியிருக்கிறதா? வலியோடு காய்ச்சலோ எடை இழப்போ இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கரண்ட் வைத்து நாளைக் கடத்தாதீர்கள். தண்டுவடம் அழுந்தியிருக்கலாம், வேறு பெரிய கோளாறும் இருக்கலாம். நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரை அன்றே பாருங்கள்.