தெரு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மனை வாங்குங்கள்

காரைக்குடியைச் சுற்றி வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், “வரி ஒழுங்காத்தானே கட்டுறோம், ஏன் ரோடு போட மாட்டேங்கிறாங்க?” என்று போன் மேல் போன். கோபம் நியாயம்தான். அந்தத் தெரு முதலில் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

மனைப்பிரிவு வரைபடத்தில் ரோடு என்று கோடு போட்டுவிட்டால் அது பொதுத்தெரு ஆகிவிடாது. நிலத்தைப் பிரித்து விற்றவர், ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் பதிந்து கொடுக்கிறவரை அது தனியார் இடம். முறையாக அங்கீகாரம் வாங்கும் மனைப்பிரிவில் இதைச் செய்தே ஆக வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் விற்ற மனைகளில்தான் சிக்கல். உங்கள் பத்திரத்தில் ‘பொதுப்பாதை பாத்தியம்’ என்று எழுதியிருப்பது நீங்கள் நடந்துபோவதற்கான உரிமை, அவ்வளவுதான். அதை வைத்து யாரும் டெண்டர் விட மாட்டார்கள்.

அப்படியானால் யார் போடுவது? அந்தத் தெருவைப் பார்த்து மனை வைத்திருக்கிறவர்கள்தான். இது புது விஷயமும் இல்லை. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, தனியார் தெருவைச் சமன்படுத்தி வடிகால் அமைக்கச் சொல்லி இருபுறத்து உரிமையாளர்களுக்கும் நோட்டீஸ் கொடுக்கலாம், செய்யாவிட்டால் நிர்வாகமே செய்துவிட்டுச் செலவை அவர்களிடம் வசூலிக்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக ஓடுகிற வீட்டைப் பங்காளிகள் பாகம் பிரித்து, பின்கட்டை இடித்து மனையாக்கி விற்கிறார்கள், போக வர ஒரு சந்தும் விடுகிறார்கள். அந்தச் சந்துக்குத் தானப் பத்திரம் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை, பங்காளிகளில் பாதிப்பேர் சென்னையிலும் மலேசியாவிலும். அப்படி ஒரு சந்தில் மூன்று வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு உயரத்தில் சிமெண்ட் சாய்வு கட்டி, அடியில் நாலு அங்குல பிளாஸ்டிக் குழாயை வடிகாலாக விட்டிருந்தார்கள். செம்மண்ணும் வேப்பிலையும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொள்ள, தண்ணீர் முழுக்கக் கடைசி வீட்டுக்குள். அங்கே ஒரு வயதான ஆச்சி மட்டும்தான் இருக்கிறார்கள். அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் வாசலுக்கு வெளியே இருப்பது தங்கள் பொறுப்பு என்று ஒருவரும் நினைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மனை வாங்கும் முன் உங்கள் மனைக்கு மட்டுமல்ல, ரோடு வருகிற சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று (அந்த இடத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் இல்லையென்றால், விற்றவர் உயிரோடு இருக்கும்போதே ஊராட்சி அல்லது நகராட்சி பெயருக்கு எழுதி வாங்கிவிடுங்கள். அவர் போய்விட்டால் வாரிசுகள் அத்தனை பேரையும் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒப்படைத்தபிறகும் நிதி இல்லை என்று இழுத்தடித்தால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் சேர்ந்து கட்டினால் மீதியை அரசு போடும். அப்புறம், ரோடு போட ஆள் வருவதற்குள் குடிநீர்க் குழாயையும் வடிகாலையும் முடித்துவிடுங்கள், ரோட்டு மட்டம் தெருவிலேயே தாழ்ந்த வீட்டின் வாசல்படிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒப்பந்ததாரரை நிற்கவைத்து, நூல் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.