உணவு லேபிள் விதி மாறினால், அச்சடித்து வைத்த கவரை என்ன செய்வது?

முறுக்கு, மிக்சர், ஊறுகாய் போட்டு விற்கும் சிறு தயாரிப்பாளர்கள் விதி மாறுகிறது என்று கேள்விப்பட்டதும் முதலில் குடோனைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே கவர் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கலர் கவர் அடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர், அதாவது அச்சு உருளை, வேண்டும். அச்சகத்தில் கிலோக்கணக்கில்தான் ஆர்டர் எடுப்பார்கள். ஒரு வரி மாறினாலும் அத்தனையும் வீண்.

லேபிள் விதிகளைப் போடுவது எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். முதலில் வரைவு வரும், கருத்துச் சொல்ல அவகாசம் தருவார்கள், அப்புறம்தான் இறுதி அறிவிக்கை. லேபிள் திருத்தங்கள் பொதுவாக ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே வரைவைப் பார்த்த அன்றே கவர் ஆர்டரைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் எல்லாமே இப்படி முன்கூட்டிச் சொல்லி வராது. 2024 ஜூனில், பழச்சாறு டப்பாக்களில் '100% பழச்சாறு' என்று போடக் கூடாது என உத்தரவு வந்தது. அச்சடித்த அட்டைகளைத் தீர்க்க முதலில் கொடுத்த கெடு செப்டம்பர் 1; பிறகுதான் அது டிசம்பர் 31 வரை நீண்டது.

இப்போது நடப்பில் இருப்பவை 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகள். ஒரு மிக்சர் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே வேர்க்கடலை இருந்தால், மூலப்பொருள் பட்டியலில் அது இருப்பது மட்டும் போதாது. ஒவ்வாமை தரக்கூடிய பொருள் என்பதால் தனியாகவும் சொல்ல வேண்டும். மைதா சேர்த்தால் கோதுமைக்கும் அப்படியே. சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரை ஒரு வரி, கூடுதலாகச் சேர்த்த சர்க்கரை இன்னொரு வரி. 'இந்த நாளுக்கு முன் பயன்படுத்தினால் நல்லது' என்று மட்டும் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. காலாவதித் தேதி கட்டாயம். சைவத்துக்குப் பச்சை வட்டம் அப்படியே இருக்கிறது. அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் போய்ப் பழுப்பு முக்கோணம் வந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் வடிவத்தைப் பார்த்தே புரிந்துவிடும். எனக்குப் பிடித்த மாற்றம் அது.

சில விதிகள் கவரோடு நிற்காமல் வாணலி வரை வரும். எண்ணெயைக் கெட்டிப்படுத்தும்போது உருவாகி இதயத்துக்குக் கெடுதல் செய்யும் டிரான்ஸ் கொழுப்பின் உச்ச வரம்பு 2021 தொடக்கத்தில் 5 சதவீதத்திலிருந்து 3 ஆனது, 2022 தொடக்கத்தில் 2 ஆனது. வனஸ்பதி, மார்ஜரின் போட்டு பப்ஸும் பிஸ்கட்டும் செய்தவர்கள் வேறு கொழுப்புக்கு மாற வேண்டியிருந்தது. கொழுப்பு வாங்கும் இடத்தில் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி வையுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பொரிக்கும் எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் சேரும் சிதைவுப் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் ஆகாது. பழைய எண்ணெயில் புதிதை ஊற்றி ஊற்றி ஓட்டும் பழக்கத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்துகிறவர்கள் எவ்வளவு வாங்கினோம், மிஞ்சியதை யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு எழுத வேண்டும்.

தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் லேபிள் மாதிரியை அச்சுக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

சரி, கவருக்கு வருவோம். மாதம் சில நூறு பாக்கெட் போடுகிறவர்கள் கலர் கவருக்கு ஆசைப்பட வேண்டாம். வெறும் கவரை வாங்கி லேபிளைத் தனியாக அடித்து, உரிந்து வராதபடி ஒட்டுங்கள். விதி மாறினால் ஒரு கட்டு லேபிள்தான் குப்பைக்குப் போகும்.