டிஸ்ப்ளே தூக்குகிறதா? கம் போட்டு ஒட்டாதீர்கள்

"ஓரத்துல டிஸ்ப்ளே லேசா தூக்குதுண்ணே, கொஞ்சம் கம் வச்சு அமுக்கிக் குடுங்க."

செல்போன் சர்வீஸ் மேஜைக்கு ஓயாமல் வரும் கோரிக்கை இது. போனைக் கையில் வாங்கிப் பார்த்தால் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடுக்கு. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அதன் வழியே வெளிச்சம் கசியும். திரையின் நடுவில் கேட்காமலேயே ஒரு வெள்ளைத் திட்டு. கம் விட்டுப்போனதால் வந்த இடுக்கு இல்லை இது. உள்ளே பேட்டரி உப்பி, திரையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னதும் வரும் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "இந்தக் கம்பெனி போன் உப்பாதுண்ணே. மத்த கம்பெனிக்குத்தான் அப்படி ஆகும்."

வேடிக்கை என்னவென்றால், அந்த 'மத்த கம்பெனி' போனை வைத்திருப்பவரும் அட்சரம் பிசகாமல் இதையே சொல்வார். ஐபோன்காரருக்கு ஆண்ட்ராய்டு குப்பை, ஆண்ட்ராய்டுகாரருக்கு ஐபோன் பந்தா. சண்டை போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் உப்பிய பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போடாதீர்கள், தயவுசெய்து.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் பௌச்சைக் கழற்றிவிட்டுப் போனைச் சமமான கண்ணாடி மேஜையில் மல்லாக்க வைத்து ஒரு ஓரத்தைத் தட்டுங்கள். கேமரா மேடு இருக்கும் போனில் அந்த மேடு மேஜை விளிம்புக்கு வெளியே இருக்கும்படி வையுங்கள். போன் பம்பரம் மாதிரி சுழன்றால் முதுகு உப்பியிருக்கிறது. சில மாடல்களில் முன்பக்க டிஸ்ப்ளே தூக்கும், சிலவற்றில் பின்பக்கக் கண்ணாடி தூக்கும். எந்தப் பக்கம் பசை இளகுகிறதோ அந்தப் பக்கம், அவ்வளவுதான். பௌச் போட்டே வைத்திருப்பவர்களுக்கு இது மாதக்கணக்கில் தெரியாது. பௌச் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

உப்பியது உறுதியானால் சார்ஜ் போடக் கூடாது. சுவிட்ச் ஆஃப் செய்யுங்கள். அமுக்கக் கூடாது, ரப்பர் பேண்டு போடக் கூடாது, புத்தகத்தை மேலே அடுக்கக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றைப் பிடுங்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது சைக்கிள் டியூப் இல்லை சார், உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. மெத்தை, திரைச்சீலை, கேஸ் அடுப்பு பக்கத்தில் வைக்காமல், டைல்ஸ் தரையிலோ சில்வர் தட்டிலோ வைத்து, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். 'ஞாயிற்றுக்கிழமை வர்றேன்' வேண்டாம். வரும் வழியில் பேன்ட் பின்பையிலும் வேண்டாம்.

தொழில் செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்ப்ளே ஒட்டும் பி-7000 கம்மை ஓரத்தில் ஒரு சுற்று விட்டு, கிளிப் மாட்டி, ஐம்பதோ நூறோ வாங்கிக்கொண்டு அனுப்புகிற கடைகள் உண்டு. உப்பிய பேட்டரியின் மேல் கிளிப் மாட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று தெரியாமல் ஒருவர் இந்த மேஜையில் உட்கார முடியாது. வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

இப்போது அந்த 'எங்க கம்பெனிக்கு ஆகாது'.

பெட்டியில் அச்சடித்த பெயருக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் உள்ள உறவு நீங்கள் நினைப்பது போல் இல்லை. 2007இல் வந்த முதல் ஐபோனின் பிராசஸரைச் செய்துகொடுத்தது சாம்சங். 2011இல் ஆப்பிளும் சாம்சங்கும் காப்புரிமை வழக்குத் தொடங்கி 2018 வரை நீதிமன்றத்தில் கட்டிப்புரண்டார்கள். அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, 2017இல் ஐபோன் 10இன் ஓஎல்இடி திரை சாம்சங் டிஸ்ப்ளேயிலிருந்துதான் போனது. ஐபோனின் கேமரா சென்சார் சோனியுடையது, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் அதே சோனிதான். ஆப்பிளின் சிப்பும் குவால்காமின் உயர்ரக ஸ்னாப்டிராகன் சிப்பும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் உருவாகின்றன. ஆப்பிளின் பிரௌசரான சஃபாரியில் கூகுள் தேடல் தானாக வருவதற்காக 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் வெளிவந்தது. கம்ப்யூட்டர் பக்கமும் இதே கதைதான். ஆப்பிள் தள்ளாடிக்கொண்டிருந்த 1997இல் 15 கோடி டாலர் போட்டது வேறு யாருமல்ல, மைக்ரோசாஃப்ட். நீங்கள் யாருக்காக நண்பனோடு பேச்சை முறித்துக்கொண்டீர்களோ, அவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

லித்தியம் பேட்டரிக்கு ஜாதி கிடையாது. வெயில், முழு சார்ஜிலேயே கிடப்பது, வயது, அடி, மட்டமான சார்ஜர் ஆகியவை எல்லாப் போனுக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். பேட்டரி தீப்பிடித்துச் சாம்சங் திரும்பப் பெற்ற 2016 கேலக்ஸி நோட் 7ஐ எல்லோருக்கும் நினைவிருக்கும். சாம்சங் எதிரணிக்கு இன்றைக்கும் அது தீபாவளி. ஆனால் 2017 ஜனவரியில் சாம்சங் வெளியிட்ட விசாரணை முடிவை அந்த எதிரணி படித்ததாகத் தெரியவில்லை. 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்துச் சொன்னது இது: முதல் நிறுவனத்தின் பேட்டரியில் மேல் மூலையில் எதிர்மின் தகடு மடங்கியிருந்தது. அதைத் திரும்பப் பெற்றுவிட்டு வேறு நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டார்கள். அதில் வெல்டிங் பிசிறு தடுப்புப் படலத்தைக் குத்திக் கிழித்தது. இரண்டு நிறுவனம், இரண்டு வேறு கோளாறு, ஒரே போன். போட்டிக்காக அவசரப்பட்டு மெலிதாக்கினால் யாருக்கும் இது நடக்கலாம் என்பதுதான் அதில் படிக்க வேண்டியது. 'சாம்சங்னா வெடிக்கும்' என்பது அல்ல.

சரி, மறுதரப்பு? 2017 டிசம்பரில், பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்தால் போன் திடீரென அணைந்துவிடும், அதைத் தடுக்கத்தான் செய்தோம் என்றது. காரணம் உண்மைதான். சொல்லாமல் செய்ததுதான் தப்பு. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைக்க வேண்டிவந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் அப்டேட் மூலம் போன்களை மந்தமாக்கியதற்காக அபராதம் போட்டது, ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் ஒரே நாளில். ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம். ஆப்பிளின் அபராதத்தில் பாதி எதற்குத் தெரியுமா? பேட்டரியின் ஆயுள், பராமரிப்பு, மாற்றும் முறை பற்றி வாங்கியவர்களுக்குச் சரியாகச் சொல்லாததற்கு. அந்தச் சொல்லாத பாடத்தைத்தான் இங்கே ஒவ்வொரு மேஜையிலும் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கேலிக்கும் இதே கதிதான். 2020இல் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லாததைச் சாம்சங் நக்கலடித்தது. 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 வந்தது, அதிலும் சார்ஜர் இல்லை. நக்கல் பதிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் அதை ஃபார்வர்டு செய்த பாவப்பட்ட ரசிகர்கள்தான் பாக்கி.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. 35 டிகிரிக்கு மேல் போன் வேலை செய்வதை ஆப்பிளே விரும்பவில்லை. நம் ஊர் மே மாதத்தில் பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப்பும் ஓடவிட்டு, பவர்பேங்கிலும் சொருகுகிறோம். கண்ணாடிக்கு அடியில் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது கேம் ஆடாதீர்கள், பையன்களிடமும் சொல்லுங்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி ஐபோன் 15 முதலும் சாம்சங்கின் பல மாடல்களிலும் செட்டிங்ஸ் பேட்டரிப் பக்கத்தில் இருக்கிறது. இரவெல்லாம் சொருகி வைப்பவர்கள் அதை ஆன் செய்யுங்கள். ஐபோனில் பேட்டரி ஹெல்த் (புதிதில் பிடித்த சார்ஜில் இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவு) 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஐபோன் 14 வரை 500 முழு சார்ஜ், 15 முதல் 1,000 முழு சார்ஜ் வரை அந்த 80 நிற்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. அதற்குப் பிறகு 'கம்பெனி ஏமாத்திட்டான்' என்று கத்துவதில் அர்த்தமில்லை. பைக் டயர் தேய்ந்தால் மாற்றுவோம் இல்லையா?

'எங்க போனுக்கு வைரஸ் வராது' கூட்டத்துக்கு ஒரே பத்தி. 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் சுமார் 6 லட்சம் மேக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. 2021இல் ஆப்பிளின் மெசேஜ் சேவையான ஐமெசேஜ் வழியாக, எதையும் தொடாமலேயே ஐபோனுக்குள் பெகசஸ் என்ற உளவு மென்பொருள் நுழைந்த ஓட்டையை ஐஓஎஸ் 14.8 அப்டேட்டில் அடைத்தார்கள். ஆண்ட்ராய்டில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸாப்பில் வரும் ஏபிகே ஃபைலை, அதாவது செயலியை நிறுவும் ஃபைலை, தொட்டு நிறுவினால் முடிந்தது கதை. ஓடிபியைப் போனில் வாயால் வாசித்துக் காட்டுபவருக்கு எந்தப் போன் இருந்தால் என்ன? அப்டேட் வந்தால் போடுங்கள்.

பேட்டரிக்கு அடுத்தபடியாகக் கண்ணீரோடு வருபவர்கள் கட்சி மாறியவர்கள். ஆபீஸில் கிண்டல் தாங்காமல், அல்லது பழைய கம்பெனி மேல் கோபத்தில், ஒரே மதியத்தில் எக்ஸ்சேஞ்ச் போட்டுவிடுவார்கள். பழைய போன் ரீசெட் ஆகி கடைக்காரர் டப்பாவில் போய்விடும். சாயங்காலம்தான் "வாட்ஸாப்ல அப்பா வாய்ஸ் மெசேஜ் எல்லாம் காணோம்" என்று வருவார்கள். பேக்கப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கூகுள் டிரைவில். ஐபோன் வாட்ஸாப் அதைத் தொடாது. ஆப்பிளின் ஐகிளவுடில் இருக்கும் பேக்கப்பை ஆண்ட்ராய்டும் தொடாது. பழைய போன் கையில் இருந்தால் அரைமணி நேர வேலை. இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. இதை எத்தனை முறை, எத்தனை முகங்களைப் பார்த்துச் சொல்வது?

எனவே மாறுகிறவர்கள் பழைய போனை ஒரு வாரமாவது கையில் வைத்திருங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறீர்கள் என்றால், பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைப் போடுங்கள். ஐபோனை முதல்முறை செட்டப் செய்யும்போதே ஆண்ட்ராய்டிலிருந்து டேட்டா கொண்டுவருவதைத் தேர்ந்தெடுத்து, வரும் குறியீட்டைப் பழைய போனில் அடித்து, பட்டியலில் வாட்ஸாப்பை டிக் செய்யுங்கள். இரண்டு போனும் சார்ஜரில் இருக்கட்டும், ஒரே வைஃபையில் இருக்கட்டும். செட்டப் முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் ஐபோனை ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். எதிர்த்திசையில், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கேபிள்தான் பத்திரம். ஐபோன் 14 வரை ஒரு பக்கம் டைப்-சி, மறு பக்கம் ஐபோனின் பழைய லைட்னிங் பின் உள்ள கேபிள்; 15 முதல் இரு பக்கமும் டைப்-சி. இதுவும் புதுப் போனின் செட்டப் நேரத்திலேயே. போவதற்கு முன் ஐமெசேஜை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் மெசேஜ் உங்களுக்கு வராமலே போகும். லாகின் குறியீடு தரும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் செயலி வைத்திருப்பவர்கள் அதன் கணக்குகளைப் பழைய போன் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். யுபிஐ செயலி புதுப் போனில் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும், ரீசார்ஜ் முடிந்த சிம்மோடு போய் நிற்காதீர்கள்.

எல்லாம் வந்துவிட்டதைத் திறந்து பார்த்த பிறகே பழையதைக் கொடுக்க வேண்டும். படத்தை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சாட்டைத் திறந்து ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டுக் கேளுங்கள். கொடுக்கும்போது ஐபோனில் ஆப்பிள் கணக்கிலிருந்து சைன் அவுட், ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட். செய்யாவிட்டால் வாங்கியவர் பழைய பாஸ்வேர்டு கேட்டு உங்களைத் தேடி வருவார். செகண்ட்ஸில் வாங்குபவர்கள் இதையே தலைகீழாகச் சரிபாருங்கள். ஐபோன் 11 முதலான பெரும்பாலான ஐபோன்களில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் பக்கத்தில் பேட்டரியும் டிஸ்ப்ளேயும் மாற்றப்பட்டதா என்பது தெரியும். 'ஒரிஜினல்ணா' என்று விற்பவர் சத்தியம் செய்வதைவிட அந்தப் பக்கம் நம்பகமானது.

நோக்கியா பக்தர்களை மறந்துவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். 2003இல் வந்த 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது, சந்தேகமே இல்லை, நல்ல போன். அந்தக் கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தை சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் இன்றைக்கு ஐபோன் செய்கிறது. நினைவுக்காக அலமாரியில் 1100 வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். அதில் மூடியை நகத்தால் தள்ளினாலே கழன்றுவிடும், அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பெருமை நியாயமானது. கழற்ற முடியாத பழைய ஸ்மார்ட்போன்கள் மேஜை டிராயரில் கிடந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் குப்பை வண்டியில் போடாதீர்கள், லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரிப்பது தயாரிப்பாளர்கள் பொறுப்பு. உங்கள் போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். எந்தக் கம்பெனி என்றாலும்.