நச்சு முறிப்பு: ரெமிடியேஷனுக்கு ஒரு தமிழ்ச் சொல்

மாசுபட்ட நிலத்தடி நீர் பற்றிய ஒரு அறிக்கையைத் தமிழில் படிக்க நேர்ந்தது. 'நிலத்தடி நீர் நிவாரணப் பணிகள்' என்று தலைப்பு. வறட்சிக்குப் பணம் கொடுக்கிறார்கள் போல என்று நினைத்து இரண்டு பக்கம் புரட்டிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் குரோமியம் என்ற உலோகம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, மாசுபட்ட மண்ணையும் நீரையும் சரிசெய்யும் 'ரெமிடியேஷன்' என்பதைத்தான் நிவாரணம் ஆக்கியிருக்கிறார்கள் என்று.

அகராதிப்படி தப்பில்லை. ஆனால் நம் ஊரில் நிவாரணம் என்றால் வெள்ளம் வடிந்த பிறகு தாசில்தார் கொடுக்கும் தொகையும் அரிசியும்தான். ரெமிடியேஷனின் வேர் வேறு பக்கம் இருக்கிறது. லத்தீனில் 'மெடேரி' என்றால் குணப்படுத்துவது. மெடிசின் பிறந்ததும் அதே வேரில்தான். அதிலிருந்து வந்த 'ரெமிடியம்', நோயை ஆற்றும் மருந்து. வைத்தியர் வீட்டுச் சொல் பின்னாளில் மண்ணுக்கும் நீருக்கும் வந்துவிட்டது.

தமிழில் இதற்கு ஓடும் மற்ற சொற்கள்: சீரமைப்பு, மீட்பு, சுத்திகரிப்பு. சீரமைப்பு என்றால் சாலை நினைவுக்கு வருகிறது. 'நிலத்தடி நீர் மீட்பு' என்றால் மழைநீர் சேகரித்து மட்டத்தை உயர்த்துவது என்றே யாரும் எடுத்துக்கொள்வார்கள். சுத்திகரிப்பு பரவாயில்லை, ஆனால் அது தொட்டியில் நடக்கும் வேலை. பூமிக்கடியில் பாறை இடுக்கில் ஓடும் நீரை எந்தத் தொட்டியில் பிடிப்பது?

ராணிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கே சிப்காட் பகுதியில் குரோமிய உப்புகள் தயாரித்த ஒரு ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை நின்றது, கழிவு நிற்கவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு வெட்டவெளியில் குவிந்து, மழைக்கு மழை கரைந்து கீழே இறங்கியது. 2006-இல் மாசு ஒழிப்புக்காக இயங்கும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான பிளாக்ஸ்மித் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. குரோமியம் என்ற பெயரே கிரேக்கத்தில் நிறம் என்று பொருள்படும் 'குரோமா'விலிருந்து வந்தது. நிறையக் கலந்த இடத்தில் நீர் மஞ்சளாகவே தெரியும்.

குரோமியத்துக்கு இரண்டு முகம். ஆறு இணைதிறன் கொண்ட வடிவம் நீரில் நன்றாகக் கரையும், நீரோடு நகரும், சல்பேட் போல வேடமிட்டு உயிரணுவுக்குள் புகும். மூன்று இணைதிறன் வடிவம் அவ்வளவாகக் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நஞ்சும் மிகக் குறைவு. ஆகவே இங்கே சிகிச்சை என்பது குரோமியத்தை வெளியே எடுப்பது மட்டுமல்ல. ஆறை மூன்றாக்கினாலே பெரும்பாதி வேலை முடிந்தது. இரும்பு சல்பேட்டை உள்ளே செலுத்துகிறார்கள், சர்க்கரைப் பாகுக் கழிவை விட்டு நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலைனாவில், எலிசபெத் சிட்டியிலுள்ள கடலோரக் காவல்படைத் தளத்தில், குரோம் முலாம் பூசும் பட்டறையிலிருந்து கசிந்த நீருக்கு 1996-இல் குறுக்கே ஒரு சுவரே வைத்தார்கள். 46 மீட்டர் நீளம், ஏழு மீட்டருக்குச் சற்று மேல் ஆழம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் கனம். முழுக்க இரும்புத் துகள். நீர் தன்பாட்டுக்கு அதன் வழியே போகும், இரும்பு துருப்பிடிக்கும், அதில் ஆறு மூன்றாகி குரோமியம் அங்கேயே தங்கிவிடும். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது.

இந்த வேலைக்குத் தமிழில் பொருத்தமான வினை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: முறித்தல். 'மருந்து சாப்பிடும்போது அகத்திக்கீரை சேர்க்காதே, மருந்தை முறித்துவிடும்' என்று பாட்டிமார் சொல்வார்கள். மருந்து வயிற்றில்தான் இருக்கிறது, அதன் வேகம் மட்டும் போய்விடுகிறது. விஷமுறிவு என்கிறோம். நஞ்சறுப்பான் என்ற மூலிகைக்கு நஞ்சுமுறிச்சான் என்றும் பெயர். பொருள் போகாமல் அதன் நஞ்சு மட்டும் போவதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. எனவே 'நச்சு முறிப்பு'. முறித்தது மறுபடி ஒட்டிக்கொள்ளவும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்று திரும்ப ஆறாக மாறும்.

நச்சு என்ற சொல் பழையது. 'நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று' என்ற குறளில் (1008) முதல் நச்சு விருப்பம், இரண்டாவது நஞ்சு. ஊர் நடுவே காய்த்துப் பழுத்து நிற்கும் விஷமரம்: மூடிப்போன ஆலையின் கழிவுமேட்டுக்கும் பொருந்தும் படம். ஆங்கிலத்தின் 'டாக்சிக்' கதை வேறு. கிரேக்கத்தில் 'டாக்சான்' என்றால் வில். அம்பு நுனியில் தடவும் மருந்தை 'டாக்சிகான் ஃபார்மகான்' என்றார்கள். மருந்துப் பாதி உதிர்ந்து வில் பாதி மட்டும் மிஞ்சி, அதுவே நஞ்சு என்றாகிவிட்டது. வில்லை முறிப்பது என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும்!

சரி, முறிந்ததா என்று எப்படித் தெரியும்? குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆய்வகம் எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் சிகிச்சையே புதுத் தொல்லை தருவதுண்டு. பாகு விட்ட இடத்தில் ஆக்சிஜன் குறையும், மண்ணிலிருந்து இரும்பும் மாங்கனீசும் ஆர்சனிக்கும் கரைந்து வரலாம். தேடாத பொருளை அறிக்கை சொல்லாது. அதனால்தான் அந்த நீரில் உயிரினங்களை விட்டு, அவை தாங்குகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இதற்குப் பெயர் 'பயோஅஸ்ஸே'. பாடநூலில் உயிரியல் மதிப்பீடு. கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. அஸ்ஸே என்பது பொன், வெள்ளியின் மாற்றுப் பார்ப்பதற்கும் வழங்கும் சொல். நம்மிடம் உரைகல் இருக்கிறது, உரைத்துப் பார்ப்பது இருக்கிறது. 'உயிர் உரைகல்' என்றால் நன்றாக இல்லையா?

உரைகல்லாகப் பெரும்பாலும் பயன்படுவது டாஃப்னியா, அதாவது நீர்த்தெள்ளு என்ற மிகச் சிறிய நன்னீர் உயிரி. ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளை ஐந்தைந்தாகக் கண்ணாடிக் குவளைகளில் விடுவார்கள். சோதிக்கும் பொருளின் ஒவ்வொரு அடர்வுக்கும் குறைந்தது 20 குஞ்சு. 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல அசைத்துவிட்டு 15 விநாடி பார்க்க வேண்டும். நீந்தாதது அசைவிழந்த கணக்கில். பாதி அசைவிழக்கும் அடர்வுதான் விடை. மீனில் என்றால் 96 மணி நேரம், பாதி சாகும் அளவு. நம் நாட்டின் பொதுக் கழிவுநீர் விதியிலும் இது உண்டு: நீர் சேர்க்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்: குஞ்சுகள் நல்ல வாகில் இருக்கின்றனவா என்று பார்க்க அவ்வப்போது பொட்டாசியம் டைகுரோமேட்டில் விடுகிறார்கள். 24 மணி நேரத்தில் பாதி அசைவிழக்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வந்தால் அந்தத் தெள்ளுகளை நம்பலாம். டைகுரோமேட் என்றால் அதே ஆறு இணைதிறன் குரோமியம். உரைகல்லையே ராணிப்பேட்டை நஞ்சில் உரைக்கிறார்கள்!

ஒரு எச்சரிக்கை. நச்சு முறிப்பு எல்லா மாசுக்கும் ஆகாது. திருப்பூர்ச் சாயநீரால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றிய கிணறுகளும் கெட்டதற்கு முக்கியக் காரணம் உப்பு. உப்பை முறிக்க முடியாது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. நீரைப் பிரித்துத் திரும்ப எடுக்கிறார்கள், மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டையாகக் கட்டப்பட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அதற்கு அகற்றல் என்றே எழுதுங்கள்.