சொல் விளக்கம்: கேம் மாடல்

தமிழில் ‘கேம்’ என்று எழுதினால் விளையாட்டு என்றுதான் பலரும் படிப்பார்கள். இது அந்தக் கேம் இல்லை, வெப்கேமின் வால். வெப்கேம் முன்னால் நேரலையில் தோன்றிப் பேசி, ஆடி, பார்ப்பவர்களிடம் காசு பெறுபவரைக் கேம் மாடல் என்கிறார்கள். பெரும்பாலும் வயதுவந்தோருக்கான தளங்களில் நடக்கும் தொழில். அங்கே திருநங்கைகளுக்கு என்றே தனிப் பிரிவு உண்டு.

கேமரா என்பது இலத்தீனில் அறை. சுவரின் சிறு துளை வழியாக வெளிக்காட்சியைத் தலைகீழாக உள்ளே விழவைக்கும் இருட்டறைக்குக் ‘கேமரா அப்ஸ்கூரா’ என்று பெயர். பிறகு இருட்டு உதிர்ந்து, அறை மட்டும் கருவியின் பெயராக நின்றுவிட்டது. அதே சொல் போர்த்துகீசியர் வழியாக வந்து இந்தியிலும் உருதுவிலும் ‘கம்ரா’ ஆனது. மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ உருது பேசும் வீட்டில் கம்ரா என்றால் இன்றும் அறைதான். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபி காலியாகிவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. வெப்கேமின் பிறப்பை அங்கிருந்துதான் சொல்வார்கள். இன்றைய தளங்களில் ஒவ்வொருவரின் பக்கத்துக்கும் ‘ரூம்’ என்று பெயர். சொல் சுற்றிச் சுற்றி அறைக்கே திரும்பிவிட்டது!

எனக்கு இடறுவது ‘மாடல்’தான். மாடல் என்றால் அசையாமல், பேசாமல் நிற்பவர். இந்த வேலையில் பாதிக்கு மேல் பேச்சு. எப்படிப் பேசுவது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதெல்லாம் அவர் வளர்ந்த மண்ணைப் பொறுத்தது.

பழைய வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் கூத்து பார்த்து வளர்ந்த ஒரு திருநங்கை இந்த வேலைக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். கூத்தில் வேடதாரி நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் பாடித் தன்னை அறிவித்த பிறகே முகம் காட்டுவார். பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டுவார்கள். யாராவது பத்து ரூபாய் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்தி, பெயர் சொல்லி வாழ்த்துவார்கள். தளத்தில் ‘டிப்’ விழுந்தால் மணி ஒலிக்கிறது, கொடுத்தவர் பெயர் திரையில் வருகிறது, கேம் மாடல் அந்தப் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறார். கூத்து பார்த்தவருக்கு இதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

ஜமாத், அதாவது மூத்தவர்களின் கீழ் திருநங்கைகள் கூடி வாழும் அமைப்பு, இன்னொரு பள்ளிக்கூடம். மூத்தவரைக் கண்டால் ‘பாம்படுத்தி’, அதாவது காலில் விழுகிறேன். பதிலுக்கு ‘ஜீத்தே ரகோ’, நீடு வாழ்க. கடை கேட்கப் போகும்போது, அதாவது கடை கடையாகக் காசு கேட்கும்போது, யாரிடம் கொஞ்சுவது, யாரிடம் விலகுவது என்று ஆள் பார்க்கும் பழக்கமும் அங்கே வந்துவிடும். முகம் தெரியாத ஆயிரம் பேரோடு பேச அது கைகொடுக்கும். ஆனால் சொந்தபந்தம் பார்த்துவிடும் என்ற பயம் வேறு. குறிப்பிட்ட நாட்டுக்கோ மாநிலத்துக்கோ பக்கம் தெரியாமல் மறைக்கும் வசதி பல தளங்களில் உண்டு. சரி, தமிழ்நாட்டை மறைத்தாயிற்று. துபாயில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனை என்ன செய்வது? அதனால் சிலர் தமிழே பேசாமல் இருந்துவிடலாம். தளமோ பிரேசிலின் ‘டிராவெஸ்டி’யையும் தாய்லாந்தின் ‘கத்தோய்’யையும் நம்மூர்த் திருநங்கையையும் ‘டிரான்ஸ்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. சட்டமும் தலைக்கு மேல் தொங்குகிறது: மின்னணு வழியில் ஆபாசத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள்.

தமிழில் என்ன சொல்வது? ஆடிப் பாடும் பெண்ணைக் குறிக்கும் விறலி என்று சங்க இலக்கியத்தைத் தேடிப் போனால் அழகாக இருக்கும், யாருக்கும் புரியாது. நிகழ்த்துகலை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ‘நேரலை நிகழ்த்துநர்’ போதும். வெப்கேமுக்கு ‘இணையப் படக்கருவி’. ஆளைக் குறிக்கத் திருநங்கை. அரவாணி என்பது கூவாகத்து அரவானை ஒட்டி வந்த முந்தைய வழக்கு.

எடுத்துக்காட்டு: ‘அவர் நேரலை நிகழ்த்துநர். அமெரிக்காவில் இரவாகும்போது, அதாவது நமக்குக் காலையில்தான், வேலைக்கு உட்காருவார்.’