டன் கணக்கை உயிர்க் கணக்காக்காதீர்கள்

உள்ளாட்சிக் காலநிலைச் செயல்திட்டங்களால் மக்கள் உடல்நலத்துக்கு என்ன நன்மை என்று மதிப்பிடும் பயிற்சி மாணவர்களுக்கு நான் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். அண்மையில் ஒரு மாணவி காட்டிய எக்செல் தாளில், திட்டத்தால் ஆண்டுக்குக் குறையவிருக்கும் 22,000 டன் கரியமில வாயு ஒரு கட்டத்திலும், அதை 4,434 ஆல் வகுத்துக் கிடைத்த 4.96 அடுத்த கட்டத்திலும் இருந்தன. அந்தக் கட்டத்துக்குப் பச்சை வண்ணம் பூசி, ‘நகரில் ஆண்டுதோறும் காக்கப்படும் உயிர்கள்’ என்று தலைப்பும் கொடுத்திருந்தார். இதே வகுத்தலை நான் காண்பது இது நான்காவது முறை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

4,434 என்பது 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வின் மதிப்பீடு. 2020-இல் கூடுதலாக வெளியிடப்படும் அத்தனை டன் கரியமில வாயு, அந்த ஆண்டு முதல் 2100 வரையிலான காலத்தில், உலகம் முழுவதையும் சேர்த்து, வெப்பநிலை மாற்றத்தால் ஒரு கூடுதல் மரணத்தை விளைவிக்கும் என்பதே அதன் பொருள். அதாவது அந்த ஓர் உயிர் எந்தக் கண்டத்திலும் இருக்கலாம். இன்னும் பிறக்காத ஒருவருடையதாகவும் இருக்கலாம். அதைக் கொண்டுவந்து ஒரு நகரத்தின் ஓராண்டு இறப்புக் கணக்கில் வரவு வைப்பது தவறு. வெளிக்காற்றில் உள்ள செறிவில் கரியமில வாயு எவருடைய நுரையீரலையும் புண்ணாக்குவதில்லை. அது உலகெங்கும் கலந்து நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடுகிறது. உள்ளூர் மக்களுக்குக் கிடைக்கும் உடனடி நன்மை வேறு வழிகளில் வருகிறது: அதே புகைபோக்கியிலிருந்து வெளியேறும் நுண்துகள் குறைவதால், நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் கூடுவதால், தெருவில் நிழல் விழுவதால். 2.5 மைக்ரான் அளவுக்கு உட்பட்ட துகள்கள் காற்றில் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள்தான் நிற்கும். ஆகவே காலநிலை நடவடிக்கையின் பலன் பேரக்குழந்தைகளுக்குத்தான் என்று சொல்லும் அதிகாரியும், டன்னை அப்படியே உயிராக மாற்றும் மாணவரும், கரியமில வாயுவின் பலனையும் உள்ளூர்ப் பலனையும் பிரித்துப் பார்க்காத ஒரே பிழையின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

ஒரு டன் குறைப்பும் இன்னொரு டன் குறைப்பும் உடலுக்கு ஒன்றல்ல. கூரைமேல் சூரியத்தகடு பொருத்தினால், சுத்தமான காற்று கிடைப்பது அந்த வீட்டாருக்கன்று, எங்கோ உள்ள நிலக்கரி மின்நிலையத்தின் காற்றுப் போக்கில் குடியிருப்பவர்களுக்கு. விறகுக் கொதிகலன், வெட்டிய மரம் மீண்டும் வளரும் என்ற கணக்கில், பல கரிமப் பேரேடுகளில் சுழியமாகப் பதிவாகிறது. அண்டை வீட்டுக்காரரின் மூச்சுக்குழாய் அந்தப் பேரேட்டைப் படிப்பதில்லை. பல ஐரோப்பிய நாடுகள் கரியமிலக் கணக்கையும் ஒரு காரணமாகக் காட்டி டீசல் கார்களை ஊக்குவித்தபோது, நகரக் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. மின்காரில் புகைக்குழாய் இல்லையே தவிர, பிரேக், டயர் தேய்மானத் தூசு தொடர்கிறது, ஓட்டுநரின் கால்களும் சும்மாவே இருக்கின்றன. நடைபாதை குறைக்கும் டன் சொற்பமாக இருக்கலாம். பயனில் அது மேற்சொன்ன பலவற்றை முந்திவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சரியான கணக்கு அச்சமூட்டுவதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலுக்காகச் செய்யப்பட்ட தொகுப்பாய்வின்படி, நுண்துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், விபத்து முதலியவை நீங்கலான இறப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுகிறது. முப்பது வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு 2,400 இயற்கை மரணங்கள் நிகழும் ஊரில் சராசரி 1 மைக்ரோகிராம் குறைந்தால், தவிர்க்கப்படுபவை சுமார் 18. ஆனால் ஓர் உள்ளாட்சித் திட்டம் தனியாக ஒரு மைக்ரோகிராமைக் குறைப்பது அரிது. ஊர்க்காற்றிலுள்ள நுண்துகளில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருவது புதிதன்று. நடையின் நன்மையைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஹீட்’ (HEAT) என்ற இணையக் கருவி இருக்கிறது. வாரம் 168 நிமிடம் நடந்தால் இறப்பு வாய்ப்பு 11 விழுக்காடு குறையும் என்று அது கொள்கிறது. 20 முதல் 74 வயதினருக்கு மட்டுமே அது பொருந்தும். பள்ளிப் பிள்ளைகளை அதில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்து, புதிய பாதைக்கு மாறியவரைப் புதிதாக நடப்பவராக எண்ணாதீர்கள். நுண்துகளுக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் தனித்தனியே மரணங்களைக் கணக்கிட்டுக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் இரண்டு முறை காப்பாற்றியிருப்பீர்கள். எதிர்கால இலக்கை நிறைவேறிய செயலாகவும் எழுதாதீர்கள்.

பயிற்சியைத் தரும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வயதுவாரியான இறப்புப் பதிவு கைக்கு வருவதற்கே பல வாரங்கள் ஆகும். பயிற்சிக்காலமே பத்து, பன்னிரண்டு வாரங்கள்தான். மாணவர் வந்து சேரும் முன்பே அந்தக் கோரிக்கையை அனுப்பி வையுங்கள். தரவு இல்லாமல் தவிக்கும் பிள்ளைதான் கடைசி வாரத்தில் இணையத்தில் கிடைத்த ஏதோ ஓர் எண்ணால் வகுக்கிறது. அப்போது அந்தப் பிள்ளையைக் குறைசொல்வது நியாயமன்று.

அந்த மாணவி தாளைத் திருத்தினார். பச்சைக் கட்டம் போனது. அதன் இடத்தில் பேருந்துத் தட மாற்றத்துக்கும் நடைபாதைக்கும் தனித்தனி வரிசைகளும், ஒவ்வொன்றிலும் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு எண்களும் வந்தன. சூரியத்தகடு வரிசையில் ‘நன்மை ஊருக்கு வெளியே’ என்று எழுதியிருந்தார். அறிக்கையைப் பெற்றுக்கொண்ட அதிகாரி இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டு, முந்தைய வரைவில் இருந்த அந்த 4.96 எங்கே போயிற்று, அதை முகப்பில் போடலாம் என்று நினைத்திருந்தோமே என்று கேட்டார்.